மூழ்கும் என்று எழுதியிருந்தேன்

1

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையின் கடைசிப் பக்கத்தைத்தான் நான் முதலில் எழுதினேன். அதில் படகு மூழ்குகிறது. அதை எழுதிய நாளில் என் மனைவி முன்வாசலில் அந்தப் படகின் பக்கத்தில் மண்டியிட்டு, உரிந்துபோன பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம், மின்விசிறிக்குக் கீழே வசதியாக உட்கார்ந்து அவளுடைய படகை மூழ்கடித்துக்கொண்டிருந்தேன்.

(ஆளை மூழ்கடிக்கவில்லை. அவளுக்கு நீச்சல் தெரியும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த அளவுக்கு நல்லவன்தான்.)

ஏன் அப்படி எழுதினேன்? ஒரு பத்திரிகையில் கதை கேட்டிருந்தார்கள். தோற்றுப்போகிறவர்களைப் பற்றி எழுதினால் என்னை ஆழமானவன் என்கிறார்கள். ஜெயிக்கிறவர்களைப் பற்றி எழுதினால், "நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். இருபது வருடமாக எழுதுகிறவனுக்கு இது தெரியாதா?

2

தொடக்கத்தில்தான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டேன்.

"கவிழ்ந்து கிடந்த அந்தப் படகு, கைவிடப்பட்ட ஒரு கனவைப் போல" (நிறுத்திவிட்டேன். படகு படகைப் போலத்தான் கிடந்தது. அதற்கடியில் இரண்டு உடைந்த பூந்தொட்டிகளும் ஒரு பூனையும் இருந்தன.)

"பழைய ஃபைபர் படகு ஒன்றை நான் சீர்செய்யத் தொடங்கியபோது" (இதை மனைவி படித்தாள். துணியில் குறி போடும் பென்சிலால் 'நான்' என்பதைச் சுழித்து, ஓரத்தில் 'யாரு?' என்று எழுதினாள். நியாயம்தான். அதுவரை நான் செய்த ஒரே வேலை டீ போட்டுக் கொடுத்தது. அதிலும் இரண்டு முறை சர்க்கரையை மறந்தேன்.)

ஆகவே நடந்ததையே சொல்லிவிடுகிறேன். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது படகும் கூடவே வந்தது. முன்பு இருந்தவர் விட்டுவிட்டுப் போனது. பதினான்கு அடி நீளம். எட்டு வருடம் மதிலோரம் குப்புறக் கிடந்தது. பிறகு நகராட்சியிலிருந்து ஒரு தாள் வந்தது. தெருவிலிருந்து கண்ணில் படும்படி கிடக்கும் கழிவுப்பொருளை நாற்பத்தைந்து நாளைக்குள் அகற்றாவிட்டால், அவர்களே வண்டி கொண்டுவந்து அள்ளிப்போவார்களாம்.

நான், "அப்பாடா!" என்றேன்.

என் மனைவி, "எது கழிவு?" என்றாள்.

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். நகராட்சி இன்ஸ்பெக்டரைப் போடலாம் என்று நினைத்தேன். முதல் வரைவில் அவருக்கு முறுக்கு மீசையும் கட்டைக் குரலும் கொடுத்திருந்தேன். ஆனால் மனைவி போன் செய்து வரச்சொன்னபோது நேரில் வந்தவர், செருப்பை வாசலில் கழற்றிவைத்தார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், டம்ளரைத் தானே கழுவிவைத்தார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன வில்லத்தனம் செய்ய?

"மேடம், ஓடுனா அது படகு. ஓடலேன்னா குப்பை. எங்க ரூல் அவ்வளவுதான்."

"எவ்வளவு தூரம் ஓடணும்?"

இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"ஏரியில ஒரு சிவப்பு மிதவை இருக்குல்ல? அது வரைக்கும் போயிட்டு, சொந்த மோட்டார்லயே கரைக்குத் திரும்பி வரணும். நாப்பத்தஞ்சாவது நாள் நானே வந்து பாக்கறேன். திரும்பி வந்தாத்தான் கையெழுத்து."

"வாங்க," என்றாள் மனைவி, கல்யாணத்துக்கு அழைப்பவளைப் போல.

4

அவள் தையல்காரி. எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டுமேசை, ஆளுயரக் கண்ணாடி, கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு டேப். படகைப் பற்றி அவளுக்கும் எனக்கும் சேர்த்துத் தெரிந்தது பூஜ்யம். அப்புறம் எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். கதைக்கு வேண்டுமே என்றுதான் கேட்டேன்; அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "இருவத்திரண்டு வருஷமா தைக்கிறேங்க. நான் செஞ்சது எல்லாத்தையும் யாராவது போட்டுக்கிட்டுக் கிளம்பிடறாங்க. நான் வாசல்ல நின்னு பாக்கறேன். ஒரே ஒரு தடவை, நான் செஞ்சதுல நான் கிளம்பணும்."

அதை உடனே ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். குறித்த கையோடு போய், கடைசிப் பக்கத்தில் படகை இன்னும் கொஞ்சம் மெதுவாக மூழ்கவைத்தேன். எழுத்தாளர்களை நம்பாதீர்கள்.

5

படகுக்கு என்ன கோளாறு என்பதை மச்சான் சொன்னான். மனைவியின் தம்பி, மோட்டார் மெக்கானிக். ஸ்குரூடிரைவரின் பிடியால் படகு முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தான். எல்லா இடத்திலும் 'டக் டக்' என்று கேட்டது. மோட்டார் மாட்டும் பின்பலகைக்கு வந்ததும் 'பொத்' என்றது. வெளியே ஃபைபர், உள்ளே மரப்பலகை. மரம் நீர் குடித்து மக்கிவிட்டது.

"இதுல மோட்டாரை மாட்டுனா, மோட்டார் மட்டும் தனியா ஏரிக்குள்ள போகும் அக்கா."

மேல்தோலை அறுத்து எடுத்து, கறுத்து ஈரமாய்க் கிடந்த மரத்தை உளியால் சுரண்டி வெளியேற்றி, புதுப் பலகை வெட்டிப் பொருத்த பதினெட்டு நாளானது. எல்லாம் அவள்தான் செய்தாள், காலையில் மூன்று மணி நேரம், மற்ற நேரம் தையல். பிறகு பலகையின் மேல் கண்ணாடியிழைத் துணியை விரித்து, ரெசின் ஊற்றி ஒட்டவேண்டும். துணி என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. "இத மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்றாள்.

மச்சான் துணியும் ரெசினும் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியூர் வேலைக்குப் போனான். அவன் தலை மறைந்ததும் என் மனைவி, எந்தத் தையல்காரியும் புதுத் துணி வந்தால் முதலில் செய்வதைச் செய்தாள்.

துவைத்தாள்.

(வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காயவைக்காவிட்டால், தைத்த பிறகு சுருங்கும். இருபத்திரண்டு வருடப் பழக்கம். இங்கே என்னையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். வாளியைத் தூக்கிக் கொடுத்தவன் நான்தான். சோப்புத்தூள் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டவனும் நான்தான்.)

கொடியில், எங்கள் உடுப்புகளோடு சேர்த்துக் காயப்போட்டோம். அடுத்த ஒரு வாரம் நான் எழுதியதெல்லாம் ஒரு கையால். மறு கைக்குச் சொறிகிற வேலை. கண்ணாடித் துகள் சட்டை, துண்டு, தலையணை உறை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. தைக்கக் கொடுத்த துணிகள் உள்ளறையில் இருந்ததால் தப்பின.

அந்தத் துணியைத்தான் அவள் வெட்டி ஒட்டினாள். கண்ணாடி மாதிரித் தெளியவேண்டிய ரெசின், பால் மாதிரி வெளுத்தது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். ஓரத்தில் நகத்தால் நெம்பினால் மொத்தமாக உரிந்து வந்தது. திரும்பி வந்த மச்சான் அதைக் கையில் வைத்துப் பார்த்தான், கொடியைப் பார்த்தான், சொறிந்துகொண்டிருந்த என்னைப் பார்த்தான்.

"அக்கா... துவைச்சியா?"

சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது. அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு முப்பத்திரண்டாவது நாள்.

6

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்

(இல்லை, எழுதுகிறேன்.)

அன்று சாயங்காலம் அவள் பேப்பர் தேடி என் மேசைக்கு வந்தாள். மறுபடி வெட்டுவதற்கு மாதிரி வரையவேண்டும். பின்பக்கம் காலியாக இருக்கும் தாளாகப் பார்த்து உருவினாள். அது கடைசிப் பக்கம்.

நின்றபடியே படித்தாள். நான் அவளுடைய கழுத்திலிருந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கிற தைரியம் இல்லை.

"முங்கிடுமா?"

"அது... கதைக்காகத்தான்."

"எப்ப எழுதினீங்க?"

"மொத வாரம்."

அவள் மேசையில் தாளை வைத்தாள். நான் அதை எடுத்துக் கிழிக்கப் போனேன்.

"கிழிக்காதீங்க. இதை எத்தனை பேரு படிப்பாங்க?"

"ஒரு... இருநூறு பேரு படிப்பாங்க."

"அப்ப அந்த இருநூறு பேரையும் ஏரிக்கு வரச்சொல்லுங்க," என்றாள். "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நீங்களும் எந்திரிக்கணும். டீ நான் போட்டுக்கறேன்."

அன்றிரவு நான் வெட்கப்பட்டேன். வேறு நல்ல சொல் தேடினேன். இதுதான் சரியான சொல்.

7

மறுநாளிலிருந்து எனக்கும் வேலை கிடைத்தது. ரெசினோடு ஹார்டனர் கலந்தால் இருபது நிமிடத்தில் இறுகிவிடும். நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நிமிடத்தைக் கத்தவேண்டும். "பதினாறு! பதினேழு!" என் இலக்கிய வாழ்க்கையில் ஒருவர் என் சொல்லை இவ்வளவு கவனமாகக் கேட்டது அப்போதுதான்.

புதுத் துணி. இந்த முறை ஒரு சொட்டு நீர் படவில்லை. ஆனால் பின்பலகை பக்கச்சுவரோடு சேரும் மூலையில், உருண்டையாய் வளைகிற இடத்தில் துணி படியவே இல்லை. சுருக்கம் விழுந்தால் உள்ளே காற்று நிற்கும், காற்று நின்றால் நீர் புகும். மச்சான் உதட்டைப் பிதுக்கினான்.

"இந்த மூலையில மடிப்பு விழத்தான் செய்யும். பெரிய பட்டறையிலயே விழும்."

அவள் டேப்பால் மூலையை அளந்தாள், ஒரு தோளை அளப்பதுபோல. செய்தித்தாளில் மாதிரி வரைந்தாள். துணியை நேராக வைக்காமல் கிராஸாகத் திருப்பி வெட்டினாள். கிராஸாக வெட்டிய துணி இழுத்த பக்கம் வரும் என்பது ஜாக்கெட் தைக்கிற எல்லோருக்கும் தெரியும். படகு செய்கிறவர்களுக்குத் தெரியுமோ என்னவோ, மச்சானுக்குத் தெரியவில்லை. ரெசின் தடவி, உருளையால் அழுத்தினாள். துணி மூலையைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஒரு மடிப்பில்லை. ரெசின் தெளிந்தது, உள்ளே பலகையின் ரேகைகூடத் தெரிந்தது.

மச்சான் அந்த மூலையைத் தடவிப் பார்த்தான். "அக்கா, நான் வாயைத் திறக்கல," என்றான். அப்போது அவள் சிரித்தாள். துணி துவைத்த கதைக்கும் சேர்த்து, ஐந்து நிமிடம் சிரித்தாள்.

8

நாற்பத்தைந்தாவது நாள், காலை. மச்சானின் இழுவண்டியில், அவன் பழுதுபார்த்து மாட்டிய ஒரு பழைய மோட்டாரோடு படகு ஏரிக்கு வந்தது.

"இளவெயில் நீரின் மேல் தங்கத்தை உருக்கி" (வேண்டாம். மேகமூட்டமாகத்தான் இருந்தது.)

இந்த மாதிரிக் கதைகளில் படகின் அடியில் நீர் ஏறாமல் அடைக்கும் வடிகால் மூடியை மாட்ட மறந்துவிடுவார்கள். நானும் ஒரு வரைவில் அவளை மறக்கவைத்தேன். அவள் மறக்கவில்லை, மூன்று முறை திருகிப் பார்த்தாள். இன்ஸ்பெக்டர் தாளோடு நின்றார். படகைத் தள்ளினோம்.

படகு மிதந்தது.

இந்த இரண்டு சொல்லை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். இன்னொரு முறை எழுதிக்கொள்கிறேன்: படகு மிதந்தது. மோட்டார் நாலாவது இழுப்பில் பிடித்தது. ஏறிக்கொள்ள நான் காலைத் தூக்கினேன். அவள் தலையாட்டி மறுத்துவிட்டாள்.

"நீங்க கரையில நில்லுங்க. ஒரு தடவை நீங்க நின்னு பாருங்க."

மிதவையை அடைந்தாள். மச்சான் விசிலடித்தான். இனித் திரும்பவேண்டியதுதான். திரும்பவில்லை. மிதவையைத் தாண்டி நேராகப் போய், ஏரி வளைகிற இடத்தில் நாணலுக்குப் பின்னால் மறைந்துவிட்டாள். சத்தமும் தேய்ந்து நின்றது.

"சார், திரும்பி வந்தாத்தான் கையெழுத்து," என்றார் இன்ஸ்பெக்டர், பாவமாக.

ஐந்து நிமிடம். பத்து. பதினேழு என்று நான் வாய்விட்டே எண்ணினேன். நான் எழுதியது பலித்துவிடுமோ என்று பயந்தேன். எழுத்துக்கு அவ்வளவு சக்தியெல்லாம் கிடையாது என்று எத்தனையோ மேடையில் சொல்லியிருக்கிறேன். அங்கே எனக்கு அது உதவவில்லை.

நாற்பதாவது நிமிடம் சத்தம் கேட்டது. அப்புறம் படகின் மூக்கு. அப்புறம் அவள், எழுந்து நின்றபடி, முழு வேகத்தில். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று மச்சான் இன்றுவரை நடித்துக் காட்டுகிறான். இன்ஸ்பெக்டர் தாளில் 'கழிவு' என்பதை அடித்து, மேலே 'படகு' என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். பிறகு, தானும் ஒரு சுற்றுப் போகலாமா என்று கேட்டார்.

9

இனி முடிவு. நாணலுக்குப் பின்னால் நாற்பது நிமிடம் என்ன நடந்தது?

(அ) மோட்டார் நின்றுபோய், தனியாகப் போராடி மறுபடி கிளப்பினாள்.
(ஆ) இன்ஜினை அணைத்துவிட்டு அழுதாள்.
(இ) பாட்டுப் பாடினாள். அவளுக்குப் பாட வராது.

மூன்றையும் எழுதிக் காட்டினேன். மூன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினாள். சரி, நீயே சொல் என்றேன். சொல்லமாட்டாளாம். சரி, நீயே எழுது என்று, இந்த இடத்தில் நாலு வரி காலியாக விட்டு, தாளையும் பென்சிலையும் கொடுத்தேன். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்படியே திருப்பித் தந்தாள்.

"காலியாவே இருக்கட்டும்ங்க. படிக்கிறவங்க யாராவது ஏறி உக்காந்துக்கட்டும்."

அப்புறம் மெஷின் பக்கம் நடந்தவள், நின்று திரும்பினாள்.

"மூணு பேருக்கு மேல வேணாம்னு எழுதிடுங்க. தாங்காது."