ம் கொட்டாத வீடு

நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில் அன்று நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினேன். ஏதோ குறைந்தது. மின்விசிறி ஓடியது, பக்கத்து வீட்டுக் குழாய் ஓடியது, என் கணவர் எதிரில்தான் உட்கார்ந்து மிக்ஸியின் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் 'ம்' வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் மூச்சு விடும் இடத்திலெல்லாம் தவறாமல் வந்து விழுந்துகொண்டிருந்த 'ம்'.

"கேக்கறீங்களா?" என்றேன்.

"கேக்கறேன். ம் சொல்ல வேணாம்னு அந்த டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நடிச்சு நடிச்சுத்தான் சாயங்காலம் தலைவலி வருதாம்."

டாக்டரம்மா என்பது மனநல மருத்துவர். இவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி புதுக் கட்டடத்துக்கு மாறியதும், அங்கே விளக்கு இரைகிறது, வேலை ஓடவில்லை என்று சண்டை பிடித்தார். வேறு யார் காதிலும் அந்த இரைச்சல் விழவில்லை. மேலதிகாரி அனுப்பித்தான் அந்த அம்மாவிடம் போனார். நாலைந்து முறை போய்வந்த பிறகு, "எனக்கு ஆட்டிசமாம், பிறந்ததிலிருந்தே இருக்காம்" என்று, எந்த பெல்ட் பழுது என்று கண்டுபிடித்துவிட்ட நிம்மதியோடு வந்து சொன்னார். நாற்பத்தைந்து வயதில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்குப் போன் போட்டால், எல்லா ஆம்பளைக்கும் அதுதான், பேருதான் புதுசு என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஆனால் இந்த 'ம்' விவகாரம் சிரிப்பில் அடங்கவில்லை. துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாமியார் இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாராம்: பொண்டாட்டி பேசும்போது ம் கொட்டுடா, இல்லாட்டி நீ கேக்கலன்னு நினைச்சுக்குவா. இவரும் நான் எங்கே மூச்சு விடுகிறேன் என்று பார்த்துப் பார்த்துப் போடப் பழகிக்கொண்டாராம். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அப்படியானால் இத்தனை வருஷம் நான் யாரோடு குடும்பம் நடத்தினேன்? மாமியார் பழக்கிக் கொடுத்த ஒரு சத்தத்தோடா?

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகம். நான் அழுதால் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுப்பாரே, அதைச் சொல்லிக்கொடுத்தது யார்? முடி வெட்டிக்கொண்டு வந்தால் நல்லா இருக்கு என்பாரே, அது? கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவார். அந்தப் பயத்திலேயே கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜைதான் என் இடம். அங்கிருந்து பார்த்தால் உள்ளே நாற்காலியில் படுத்தபடி, டாக்டர் சொல்லும் கதைக்கெல்லாம் திறந்த வாயோடு 'ஆ' என்று பதில் சொல்லும் நோயாளிகள் தெரிவார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இவருடைய 'ம்' நினைவுக்கு வந்தது. அவர்களுக்காவது வேறு வழியில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோதித்தே பார்த்துவிடுவது என்று இறங்கினேன். துணி மடித்துக்கொண்டே அக்கா கல்யாணத்துக் கதையை எடுத்தேன். பல தடவை சொன்ன கதைதான். மழை கொட்டி மண்டபத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று வேண்டுமென்றே ஒரு பொய்யைச் செருகினேன்.

"மழை இல்ல," என்றார், கையிலிருந்த சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி. "கரண்ட் போச்சு. உன் சித்தப்பா காரை உள்ள விட்டு ஹெட்லைட் போட்டாரு. நீ செருப்பத் தொலைச்சுட்டு அழுத."

செருப்பு விஷயத்தை நான் சொன்னது ஒரே தடவை, அதுவும் கல்யாணமான புதிதில். சந்தோஷப்பட வேண்டியவள்தான், மனிதர் கேட்டிருக்கிறார். ஆனால் என் புத்தி அங்கே நின்றால்தானே. தன்னிடம் நேராகச் சொல்லாதது எதுவும் இவர் காதில் ஏறாது என்ற தைரியத்தில் இந்த வீட்டுக்குள் நான் என்னென்னவோ பேசியிருக்கிறேன்.

"நான் அக்காகூட போன்ல பேசறதும் கேக்குமா?"

"பேசினா கேக்கும்ல."

"என்ன கேட்டீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "இந்த ஆளோட மனுஷி குடித்தனம் பண்ணுவாளா, ஒரு நாள் பெட்டியத் தூக்கிட்டுப் போயிடுவேன்னு சொன்ன. என்னிக்குன்னு சொல்லல."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். கோபத்தில் வாய்க்கு வந்தது, ஊரில் எல்லாப் பெண்களும் சொல்வதுதான் என்று ஏதேதோ உளறினேன். முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்தார். ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து என் பயணப்பெட்டியை இறக்கினார். அதன் மேல் தூசி இல்லை.

"சக்கரம் ஒன்னு உடைஞ்சிருந்தது, மாத்திட்டேன். அப்பப்ப எண்ணெய் போடறேன். மாடிப்படில தனியா இறக்கறப்ப சிக்கிக்கக் கூடாது."

பெட்டியை லேசாகத்தான் தள்ளினேன். அது சத்தமே இல்லாமல் கூடத்தைக் கடந்து வாசல் கதவை நோக்கி ஓடியது. அவர் சட்டென்று ஒதுங்கி அதற்கு வழிவிட்டார்.

"இன்னிக்கா?" என்றார்.

இன்னிக்கு இல்ல என்று சொல்லப்போனவள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மற்றவர்களிடம் செல்லும் பதில் இவரிடம் செல்லாது. அப்படிச் சொன்னால் வேறொரு நாள் என்றுதான் எடுத்துக்கொள்வார். நான் சரியான வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்றேன். அவர் கதவோரம் போய், பெட்டியின் கைப்பிடியை என் உயரத்துக்கு இழுத்து நிறுத்திவிட்டு, காத்திருந்தார்.