இரவல் மூக்கு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவள் நான். பதினோரு வருஷமாகச் சுமக்கிறேன். இறக்கி வைக்க இடம் தேடித்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சூடான் நாட்டு ஷெந்தி நகரின் மாலைப் புகையில், காத்திருக்கும் ஒரு மனைவியின் ஏக்கம்...’

(அடித்துவிட்டேன். சித்தானா ஏங்குகிறவள் அல்ல, ஏசுகிறவள்.)

2

சித்தானா என் அடுத்த வீட்டுக்காரி. அவள் புருஷன் தாஹிருக்கு ஜித்தாவில் வண்டிப் பட்டறை வேலை. நான்கு வருஷம் கழித்து ஒரு வியாழக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினான். புருஷன் வரப்போகும் வீட்டில் டில்கா என்னும் வாசனைப் பூச்சு மணக்காவிட்டால் தெரு சும்மா இருக்குமா? கம்பு மாவைப் பிசைந்து, மரச்சட்டியின் உட்புறம் அப்பி, தரைக்குழியில் புகையும் வேலங்கட்டைமேல் கவிழ்த்து வைக்க வேண்டும். தினமும் எடுத்து, கிராம்புத் தண்ணீர் தெளித்து, பிசைந்து, மறுபடி கவிழ்க்க வேண்டும். மாவு கறுத்துப் பழுத்ததும் சந்தன எண்ணெய். அதை உடம்பெல்லாம் தேய்த்து உருட்டி எடுத்தால் அழுக்கோடு அலுப்பும் உதிரும்.

பழுத்துவிட்டதா என்பதை மூக்குதான் சொல்லும். அந்த வருஷக் காய்ச்சலில் சித்தானாவுக்கு மூக்கு போய்விட்டது. வெங்காயமும் சந்தனமும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. தாஹிருக்கு அவள் சொல்லவில்லை.

“முன்னெல்லாம் அவன் சட்டைய மோந்தே எந்தக் கடையில காப்பி குடிச்சான்னு சொல்லுவேன். இப்ப அவனே பக்கத்துல படுத்தாலும் எனக்குத் தெரியாதுடி. இந்த டில்காவாவது சரியா வரணும்,” என்றாள்.

“அதுக்கு நான் எதுக்கு? கல்யாணமாகாதவளுக்கு டில்கா ஆகாதுன்னு நீங்கல்லாம்தானே சொல்றீங்க?”

“பூசத்தான் கூடாது. மோந்தா மானம் போயிடாது, வா.”*

* வாசகரே, நீங்களும் சித்தானாவும் இந்த இடத்தில் ஒன்று. காகிதத்துக்கு மணம் கிடையாது. என் மூக்கை நம்புவதைத் தவிர உங்களுக்கும் வேறு வழியில்லை.

3

பன்னிரண்டு நாள் ஒழுங்காக முகர்ந்து சொன்னேன். புதன்கிழமை சந்தன எண்ணெய் வாங்கச் சந்தைக்குக் கிளம்பினாள்.

“குழியப் பாத்துக்கோ. தீ எழும்பினா ஒரு கை மண்ணப் போடு.”

என் கையில் நோட்டு இருந்தது. (எழுதுகிறவளைக் காவலுக்கு வைக்காதீர்கள்.) அதில் ஒரு காதல் கதை ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடைசி வாக்கியம் இன்னும் அப்படியே இருக்கிறது: ‘அவள் கூந்தலை அவன் விலக்கியபோது அங்கே’

அங்கே தீய்ந்த வாடை அடித்தது. சட்டியைத் தூக்கினேன். ஒரு பக்கம் கரி. கத்தியால் சுரண்ட முடிந்தவரை சுரண்டினேன்.

4

சித்தானா வந்தாள். சட்டியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். “சொல்லு.”

இந்தக் கதையின் ஒரு பிரதியில் நான் உண்மையைச் சொல்கிறேன். அவள் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறாள். இன்னொன்றில் அழுதுவிடுகிறேன். இரண்டும் நன்றாகத்தான் வந்திருந்தன. இரண்டும் நடக்கவில்லை.

“நல்லா பழுத்திருக்கு,” என்றேன்.

“மூச்ச அடக்கிக்கிட்டு சொல்ற?”

“மணம் ஆளத் தூக்குதுடி, அதான்.”

அவள் சிரித்துக்கொண்டே எண்ணெய் முழுவதையும் ஊற்றிப் பிசைந்தாள். அந்தக் கைகளை என்னால் பார்க்க முடியவில்லை.

5

வெள்ளிக்கிழமை காலை மதில்மேல் அவள் முகம் தெரிந்தது, புதுப்பெண்போல.

“என் தோள்ல வெச்ச மூக்க எடுக்கவே இல்லடி. ‘இது மாதிரி நீ செஞ்சதே இல்ல’ன்னான். எனக்கு மூக்கு போனதையும் சொல்லிட்டேன். சிரிச்சான். அப்புறம் அழுதான்.”

‘இது மாதிரி நீ செஞ்சதே இல்ல.’ இந்த ஒரு வரியைப் பதினோரு வருஷமாகப் புரட்டிப் பார்க்கிறேன். பாராட்டா, குறையா? அல்லது அவனும் என்னைப் போல மூச்சை அடக்கிக்கொண்டானா? ஒரு மனுஷியிடம் இரண்டு பேர் அன்பினால் பொய் சொன்னால் அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை.

6

தாஹிர் திரும்பிப் போகவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் அவள் டில்கா செய்கிறாள், நான் முகர்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி: “அன்னைக்கி மாதிரி இருக்கா?”

“கிட்டத்தட்ட,” என்பேன். உள்ளபடி, அதைவிட ஆயிரம் மடங்கு நன்றாக இருக்கும்.

நேற்று மதில் வழியாகப் பார்த்தேன். கடைசி நாள் புகை. சித்தானா குழிக்குள் ஒரு காய்ந்த கட்டையைச் செருகி, தீ எழும்பிச் சட்டியைத் தொடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் நிதானமாக ஒரு கை மண்ணைப் போட்டாள்.

(தாஹிர் சொல்லியிருப்பானோ? இல்லை, அன்றே... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியமில்லை.)

இதோ, இந்த வரியை எழுதும்போது சட்டியோடு உள்ளே வருகிறாள்.

“என்னடி எழுதற?”

“ஒரு கதை.”

“கருகாமப் பாத்துக்கோ,” என்கிறாள். முகத்தில் சிரிப்புமில்லை, கோபமுமில்லை. சட்டியை நீட்டுகிறாள். “சொல்லு. அன்னைக்கி மாதிரி இருக்கா?”

என் மூக்கு அடைத்துக்கொண்டது, கண்ணும் சரியில்லை. சட்டி உங்கள் பக்கம் திரும்புகிறது. அவள் காத்திருக்கிறாள்; நீங்கள் முகர்ந்து சொல்லுங்கள்: