இரவல் போன மிருகம்

ஷோவா நாற்பதாம் ஆண்டு, அதாவது 1965, அக்டோபர் மூன்றாம் தேதி, வேற்றுக்கிரகத்தார் ஜப்பானியக் கடலோர ஊரான நாமிசாக்கியில் வந்து இறங்கி, முதல் வேலையாக வீட்டுக்கு ஒரு துண்டு வீதம் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் கொடுத்தார்கள். நல்ல பருத்தித் துண்டு. வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்பும் வெள்ளையுமாகக் கயிறு கட்டியிருந்தது. புதிதாகக் குடிவருகிறவர்கள் அக்கம்பக்கத்துக்குச் செய்கிற மரியாதைதான். எங்கே கற்றார்களோ, பிசகில்லாமல் செய்தார்கள். வந்தவர்கள் பதினொரு பேர். பதினொரு பேருக்கும் ஒரே முகம், இடது காதுக்குக் கீழே ஒரே மச்சம். அன்று கொட்டிய மழையில் நடந்து வந்தும் அவர்களுடைய காலணிகள் நனைந்திருக்கவில்லை. அவற்றை வாசலில் கழற்றி, முனை வெளியே பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தார்கள். ஊருக்கு அது ரொம்பவும் பிடித்துப்போயிற்று. துண்டு வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டால் கேட்டதைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது தெரியாத ஊரும் இல்லை அது.

மூன்றாம் நாள் கேட்டார்கள். வளைகுடாவில் படுத்திருக்கும் நுஷிசாமா என்ற மிருகத்தை மூன்று மாதம் இரவல் வேண்டும், எங்கள் கிரகத்தில் ஒரு தொந்தரவு இருக்கிறது, அதை அடக்கியதும் பத்திரமாகத் திருப்பிவிடுகிறோம் என்றார்கள். நுஷிசாமா அந்த வளைகுடாவுக்கு எந்தக் காலத்தில் வந்து படுத்தது என்று யாருக்கும் தெரியாது. தலை முதல் வால் வரை நூற்றெண்பது மீட்டர். தண்ணீருக்கு மேலே தெரிகிற முதுகில் பெண்கள் கணவாய் மீன் காயப்போடுவார்கள். ஐந்து வருஷத்துக்கு முன் பசிபிக்கின் மறுகரையிலிருந்து புறப்பட்டு வந்த பேரலை அந்த முதுகில் மோதித்தான் உடைந்தது. அலை போன பிறகு கணக்கெடுத்ததில் நாமிசாக்கியில் காணாமல் போனவை இரண்டு வாளிகள். அதற்கு நன்றியாக ஊர் செய்தது, புத்தாண்டன்று ஒரு புட்டி சாக்கே மதுவைக் கடலில் ஊற்றியதோடு சரி.

கினுயோ மட்டும் வேறு மாதிரி. நாற்பத்தாறு வயது, மூச்சடக்கி மூழ்கி அபலோன் சிப்பி எடுக்கிறவள். புருஷன் போருக்குப் போய் தெற்குக் கடலில் மறைந்த வருஷத்திலிருந்து, சிப்பி எடுத்து முடித்ததும் இன்னொரு முறை மூழ்கி, நுஷிசாமாவின் இமைகளில் ஒட்டியிருக்கும் கொட்டலசுச் சிப்பிகளைச் சுரண்டி எடுத்துவிட்டு வருவாள். யாரும் சொல்லிச் செய்ததில்லை. இமை மேல் இப்படி அப்பிக்கொண்டிருந்தால் பாவம் எப்படிக் கண் திறக்கும் என்பாள். இருபத்தோரு வருஷமாக அது கண் திறக்கவும் இல்லை. மேலே வந்து, மூழ்குகிற பெண்களின் வழக்கப்படி சீழ்க்கையாக மூச்சை விட்டு, அதன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு மிதந்தபடி வீட்டுக் கதையெல்லாம் சொல்லுவாள். மகள் மிசாவோவின் காய்ச்சல், ஊறுகாய் முள்ளங்கி கசந்துபோனது, எதையும் விட்டுவைத்ததில்லை. ஊரில் அவள் வாய் திறந்து பேசியது அதனிடம்தான்.

இரவல் விஷயம் காகிதத்தில் எழுதப்பட்டு, அட்டையில் செருகப்பட்டு, எப்போதும் போல வீடு வீடாகச் சுற்றியது. கொசுமருந்து அடிக்கும் நாளும் அந்த அட்டையில்தான் வரும், கோயில் திருவிழாவும் அதில்தான் வரும். படித்துவிட்டு, கையெழுத்துக்குப் பதிலாக வீட்டு முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். ஒரு முத்திரை குறைந்தாலும் காரியம் நடக்காது. கினுயோ குத்தாமல் கொடுத்தாள். அட்டை ஊரைச் சுற்றி மறுபடி அவள் வாசலுக்கே வந்தது. ஐந்து முறை வந்தது. ஆறாவது முறை அதைக் கொண்டுவந்தவர் ஊர்ச் சங்கத் தலைவர் குராமோச்சி. போர்க்காலத்திலும் அவர்தான் தலைவர்.

"ஏம்மா கினுயோ, நீயும் துண்டு வாங்கினியா இல்லையா?"

"வாங்கினேன்."

"அப்புறம் என்ன? மூணே மாசம். உன் வீட்டு ஆளையா கேக்கறாங்க?"

"என் வீட்டு ஆளையும்தான் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க, தலைவரே. நீங்கதான் கொடி பிடிச்சு வழியனுப்பினீங்க. அஸ்தின்னு ஒரு வெள்ளைப் பெட்டி வந்துது. உள்ள ஒரு துண்டுக் காகிதம் இருந்துது."

குராமோச்சி அட்டையைப் படியில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம், பக்கத்துக் குடாவில் மிசாவோவுக்குப் பேசி முடித்திருந்த இடத்திலிருந்து தரகர் வருவது நின்றது. ஊரோடு ஒத்துப்போகாத வீட்டில் பெண் எடுக்க அவர்கள் யோசிப்பதாகக் காற்றுவாக்கில் செய்தி வந்தது. யார் காதில் யார் ஓதியது என்று விசாரிக்கத் தேவையில்லை. மிசாவோ இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அம்மாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அது உனக்கு என்னம்மா உறவு? நான் உனக்கு என்ன உறவு? அதைச் சொல்லிடு, போதும்."

கினுயோ முத்திரையை எடுத்துக் குத்தினாள். அது தலைகீழாக விழுந்தது. செல்லும் என்றார் குராமோச்சி.

ஆனால் நுஷிசாமா எழுந்திருக்கவில்லை. பதினொரு பேரும் வானத்திலிருந்து வெளிச்சத்தைப் பாய்ச்சினார்கள், கடல் கொதித்தது, செத்த மீன்கள் மூன்று நாள் கரை ஒதுங்கின. அது அசையவில்லை. கடைசியில் குராமோச்சி தலை குனிந்து வந்து, நீ கூப்பிட்டால் ஒருவேளை எழும் என்றார். முத்திரையே குத்தியாயிற்று, இனி எதைப் பிடித்துவைக்க என்று கினுயோவும் படகில் போனாள். நெற்றிக்குப் பக்கத்தில் இறங்கி மூழ்கினாள். எழும்பி அந்தச் சீழ்க்கை மூச்சை விட்டாள். நுஷிசாமா கண் திறந்தது. அந்தக் கண்ணில் அவள் முழு உருவமும், பின்னால் நாற்பத்திரண்டு வீடும், மலையும் தெரிந்தன. "மூணு மாசந்தான். போயிட்டு வா," என்றாள். அது எழுந்தது. வளைகுடாவின் தண்ணீர் பாதியளவு அதனோடு எழுந்து, வீட்டுக் கூரைகளில் நண்டாகவும் பாசியாகவும் பொழிந்தது. வெளிச்சம் அதை உறிஞ்சிக்கொண்டது. அது போகப் போக அவளையே பார்த்துக்கொண்டிருந்தது என்பதைக் கரையில் நின்ற எல்லாரும் கண்டார்கள். அவள் அன்றைக்கு அழுத அழுகையை நான் எழுதப் போவதில்லை.

சொன்ன நாளில் திருப்பிக் கொடுத்தார்கள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பிப்ரவரி ஆறாம் தேதி காலை கடற்கரையில், ஊதா நிறத் துணியில் முடிச்சுப் போட்ட ஒரு மூட்டை இருந்தது, கோயிலளவு பெரியது. அவிழ்த்தால் உள்ளே நுஷிசாமாவின் தோல். துவைத்து, காயவைத்து, சதுரமாக மடித்திருந்தது. மேலே ஒரு தீப்பெட்டி, இரவல் வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதல்லவா. மிச்சம் எங்கே என்று கினுயோ கேட்டாள். பதினொரு பேரும் இடுப்பு வரை குனிந்து, மிகவும் பயன்பட்டது, நன்றி என்றார்கள். குராமோச்சியும் பதினொரு முறை குனிந்தார். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் ஓர் அருவியை இரவல் வாங்கிப் போயிருந்தார்களாம். திருப்பிக் கொடுத்ததில் தண்ணீர் இருந்தது, சத்தம் இல்லை. பிறகு அவர்கள் வரவில்லை. தோலைச் சங்கத்தின் வலைக் கொட்டகையில் போட்டார்கள். மார்ச் மாதம் மிசாவோவுக்குக் கல்யாணம் நடந்தது.

அந்தக் கோடையில் தோக்கியோவிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி வந்து இதையெல்லாம் படமாக எடுத்தது. ரப்பர் உடுப்புக்குள் ஒரு ஆளை நிறுத்தி, வியர்க்க வியர்க்க நடக்கவிட்டார்கள். படத்தில் நுஷிசாமா வேற்றுக்கிரகத்தாரின் பிடியை உதறிக்கொண்டு, அவர்களுடைய பறக்கும் தட்டுகளையெல்லாம் அப்பளமாக நொறுக்கிவிட்டு, தன் காலாலேயே நடந்து கடலுக்குத் திரும்பியது. சங்கம் பேருந்து அமர்த்தி ஊரையே நகரத்துக் கொட்டகைக்குக் கூட்டிப்போனது. அது திரும்பி வந்த இடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள், குராமோச்சி வாய்விட்டு அழுதார். கினுயோவும்தான் கை தட்டினாள். அதை மறைத்தால் நான் பொய் சொன்னவனாவேன். ஆனால் வீடு திரும்பிய பிறகும் மற்றவர்கள் நிறுத்தவில்லை. அது நடந்து வந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக முதலில் ஒருவர் சொன்னார், பிறகு பத்துப் பேர் சொன்னார்கள். இலையுதிர்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பார்த்துவிட்டிருந்தது. கடலோரம் பயணிகளுக்காக ஒரு பலகை வைக்க ஏற்பாடாயிற்று. அட்டை மறுபடி சுற்றியது: நுஷிசாமா நலமாகத் திரும்பி ஆழத்தில் உறங்குகிறது; வலைக் கொட்டகையில் கிடப்பது சினிமாக்காரர்கள் விட்டுப்போன தார்ப்பாய்.

நாற்பத்தொரு முத்திரை விழுந்தது. கினுயோ குத்தவில்லை. இந்த முறை அவளிடமிருந்து பறிக்க ஒன்றும் மிச்சமில்லாததால் ஊர் அவளை ஒதுக்கிவைத்தது. பேச்சு இல்லை, வணக்கம் இல்லை, அவள் எடுத்த சிப்பியைக் கையால் தொடுகிறவர் இல்லை. ஒதுக்கிவைத்த வீட்டுக்கும் ஊர் வந்தே தீர வேண்டியவை இரண்டுதான், தீயும் சாவும். ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் காலை கினுயோ வாசலில் சாவுச் சீட்டு ஒட்டினாள். குராமோச்சி கறுப்பு உடுத்து வந்து நின்றார். வீட்டில் இருக்கிற ஒரே ஆள் அவரெதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"யாரு செத்தது?"

"நுஷிசாமா."

"அது கடலுக்கடியில தூங்குது. முத்திரை இருக்கு."

"நாப்பத்தொண்ணு இருக்கு. சாவு வீட்டுக்கு வராம இருக்க முடியும்னா இருந்துக்குங்க, தலைவரே."

அவர் போய் வலைக் கொட்டகையின் பூட்டைத் திறந்தார். நாற்பத்தொரு வீட்டாரும் கறுப்பு உடுத்து வந்தார்கள். பிணம் தூக்குவது அக்கம்பக்கத்தாரின் கடமை. ஆகவே அவர்கள்தான் அந்தத் தோலைத் தோளில் சுமந்து கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். தார்ப்பாய் என்று அன்று யாரும் சொல்லவில்லை. கோயில் பிட்சு, செத்தவர்களுக்குச் சூட்டுகிற மறுமைப் பெயரை ஒரு மிருகத்துக்குக் கொடுக்க முதலில் தயங்கினார், பிறகு பெரிய மனிதர்களுக்குக் கொடுப்பதைவிட நீளமாகவே கொடுத்தார். தோல் மூன்று நாள் எரிந்தது. நான்காம் நாள், முறைப்படி, இரண்டிரண்டு பேராகக் குச்சிகளோடு எலும்பு பொறுக்க நின்றார்கள். சாம்பலில் எலும்பு ஒன்றுகூட இல்லை, இருக்கவும் வழியில்லை. கினுயோ தன் குச்சிகளை வெறும் சாம்பலுக்குள் விட்டு, ஒன்றுமில்லாததைப் பிடித்துத் தூக்கினாள். எதிரே நின்ற குராமோச்சியின் குச்சிகளும் அதைப் பிடித்தன. இருவருமாக அதைக் கலசத்தில் இட்டார்கள். அப்படியே ஒவ்வொருவரும் இட்டார்கள். சாயங்காலம் மூடியிட்டுத் தூக்கப் பார்த்தபோது, ஒரு சாண் உயரக் கலசத்தை நாற்பத்திரண்டு வீட்டு ஆட்களும் சேர்ந்து அசைக்க முடியவில்லை.

மறுநாள் காலையிலிருந்து மறுபடியும் யாரும் கினுயோவோடு பேசவில்லை, சாவுதான் முடிந்துவிட்டதே. பலகையும் வைக்கப்பட்டது. கரையோரச் சாலை போட வந்தவர்கள் கலசத்தில் இரும்புக் கயிறு கட்டி இழுத்தார்கள். இரண்டு கயிறு அறுந்தது, சாலையை அந்த இடத்தில் வளைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். வண்டிக்காரர்களுக்கு அந்த வளைவு பழகிவிட்டது. ஷோவா ஐம்பத்தெட்டு பிப்ரவரியில் கினுயோவின் வீட்டுக்கு ஊர் மறுபடி ஒரு முறை வந்தது. அன்றும் நாற்பத்தொரு வீட்டாரும் கறுப்பு உடுத்து வந்தார்கள், ஒருவர்கூடக் குறையவில்லை. கினுயோவின் கலசம் கனக்கவே இல்லை. மிசாவோ அதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு போனாள்.