சோத்துக்கைப் பக்கம்

என் கையைப் பற்றி யாராவது பேசினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் பீச்சாங்கைக்காரி. சின்ன வயதில் தட்டில் இடது கையை வைத்தபோதெல்லாம் அம்மா அகப்பைக் காம்பால் ஒன்று போடுவாள். "சோத்துக்கையால தின்னு சனியனே." எனக்குச் சோறு அள்ள வந்த கைதானே எனக்குச் சோத்துக்கை? அதையே திரும்ப நீட்டுவேன். திரும்ப அடி விழும். கடைசியில் அம்மாதான் சலித்துப் போனாள், கை மாறவில்லை. ஆனால் வலது எது, இடது எது என்று அன்றைக்குக் குழம்பியது குழம்பியதுதான். அவசரத்தில் கேட்டால் இன்றைக்கும் ஒரு நொடி தடுமாறுவேன்.

இப்படிப்பட்டவள் எக்ஸ்ரே எடுக்கப் படிக்கலாமா என்றால் படிக்கலாம். பட்டுப் பட்டுப் படிக்க வேண்டும். எக்ஸ்ரே படத்தில் உடம்பின் எந்தப் பக்கம் எது என்று காட்ட ஒரு சின்ன ஈய எழுத்தை ஒட்டுவோம். வலது பக்கத்துக்கு ஆர், இடது பக்கத்துக்கு எல். அந்த எழுத்து மாறினால் டொக்டர் நல்ல முழங்காலைக் கிழித்துவிட்டுக் கெட்டதை விட்டுவிடுவார். கொழும்பில் படித்து முடித்து, கடைசி ஆறு மாதப் பயிற்சிக்கு எங்கள் மலைப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வந்தேன். வட்டகொடையில் இருக்கும் எங்கள் தோட்டத்து லய வீட்டுக்குக் கிட்ட என்று சந்தோஷப்பட்டேன். வந்த முதல் மாதமே ஒரு முழங்காலுக்கு எழுத்தை மாற்றிப் போட்டேன். மூன்றாம் மாதம் ஒரு மணிக்கட்டுக்கு. இரண்டையும் எங்களுக்குப் பொறுப்பான ரோகினி மிஸ் படம் வெளியே போவதற்கு முன்பே பிடித்துவிட்டார். பிடித்து, என் பயிற்சிப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதியும் வைத்தார்.

மூன்றாவது விழுந்தால் புத்தகத்தில் மிஸ்ஸின் கையெழுத்துக் கிடையாது. கடைசிப் பரீட்சைக்கு உட்கார முடியாது. ஒரு வருடம் மறுபடி. ஆஸ்பத்திரியில் சாயத்தண்ணி என்கிற வெறும் தேநீர் கொண்டுவருகிறவர்கூட என்னைக் கண்டால், "என்னங்க மிஸ்ஸி, கோப்பைய எந்தக் கையில தர" என்று கேட்கிற அளவுக்கு என் பெயர் நாறிக் கிடந்தது.

அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். என் கையை நம்புவதில்லை, நோயாளியின் கையைக் கேட்பது. "சோத்துக்கையத் தூக்குங்க" என்பேன். தூக்குகிற கை வலது. அந்தப் பக்கம் ஆர். இரண்டு மாதமாக ஒரு பிழை இல்லை. பயிற்சி முடிய பதினொரு நாள்தான் இருந்தது.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும். திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சின்னராசா என்றொருவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள், பின்னாலேயே அவர் மனைவியும் வந்தாள். முப்பத்தெட்டு வயது, நெட்டையான, எலும்பும் தோலுமான ஆள். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும்போது, கத்தியை ஓங்கின இடத்திலேயே நெஞ்சுக்குள் ஏதோ பட்டென்று தெறித்ததாம். அதிலிருந்து மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்ந்திருக்கிறது. நுரையீரலில் ஓட்டை விழுந்து, காற்று நெஞ்சுக்குள் கட்டிக்கொண்டு நுரையீரலை நசுக்குகிறதோ என்று டொக்டருக்குச் சந்தேகம். எந்தப் பக்கம் என்று சீட்டில் எழுதவில்லை. அதைச் சொல்லத்தானே நாங்கள் இருக்கிறோம்.

"அண்ணே, சோத்துக்கையத் தூக்குங்க."

அவருக்குப் பேச மூச்சில்லை. ஒரு கையை இடுப்பு உயரத்துக்கு மட்டும் தூக்கினார். நான் அந்தப் பக்கம் ஆரை ஒட்டினேன். "மூச்ச உள்ள இழுத்துப் பிடிங்க" என்றேன். பாவம், அவரால் முடிந்த அரை மூச்சை இழுத்தார். எடுத்தேன். உடனே அவரை அவசரப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

படம் திரையில் வந்தபோது எனக்குப் பின்னால் ரோகினி மிஸ் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயதுதான் மூத்தவர், கை சுத்தம், கண் கூர்மை. இடது பக்கம் கறுப்பாக, வெறும் காற்றாக இருந்தது. நுரையீரல் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. சந்தேகம் சரிதான். ஆனால் இதயம் வலது பக்கம் நின்றது.

"திரும்பவும் மாத்திப் போட்டீர்" என்றார் மிஸ், குரலை உயர்த்தாமல்.

"இல்லிங்க மிஸ். அவரையே கேட்டுத்தான் வச்சேன்."

"இஞ்ச பாரும். இதயத்தைக் காத்துத் தள்ளிப் போட்டுது எண்டு சொல்லுவீர். சரி. இரைப்பையும் மற்றப் பக்கம் நிக்குதே, அதையும் காத்தோ தள்ளினது? அந்தாளும் உம்மைப்போல இடக்கையனாக்கும்."

அப்படியும் ஒரு ஆள் வரலாம் என்று நான் நினைத்ததே இல்லை. நானே பீச்சாங்கைக்காரியாக இருந்துகொண்டு, என்னைப் போல இன்னொருவர் இருப்பார் என்று நினைக்காத முட்டாள் நான்.

அவசரப் பிரிவின் ஆள் படத்துக்காக வாசலில் நின்று அவசரப்படுத்தினார். மறுபடி எடுக்க நேரமில்லை. மிஸ் கணினியில், நான் ஒட்டிய எழுத்து இருந்த ஓரத்தை வெட்டினார், படத்தை இடம் வலமாகப் புரட்டினார், புது எழுத்தைத் தட்டினார். இப்போது இதயம் இடது பக்கம், காற்று வலது பக்கம். அச்செடுத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, எக்ஸ்ரே பலகையில் நான் ஒட்டியிருந்த ஈய எழுத்தை உரித்துத் தன் பைக்குள் போட்டார்.

"எழுதினால் உமக்கு இது மூண்டாவது. வருசம் போயிடும். நான் எழுதேல்லை. நீரும் மூச்சுக் காட்டாமல் இரும்."

அது இரக்கம். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன், அவர் கெட்டவர் இல்லை. எனக்கு முதலில் வந்ததும் நிம்மதிதான். வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை. தப்பித்தோம் என்று நினைத்தேன். அடுத்த நோயாளியின் சீட்டைக் கையில் எடுத்தேன்.

எடுத்ததும் வேறொன்று தோன்றியது. அந்த மனுஷன் பீச்சாங்கைக்காரராக இல்லாவிட்டால்? அப்படியென்றால் நான் வைத்த எழுத்து சரி, படம் சரி, அவர் உடம்புதான் வேறு மாதிரி. உள்ளுறுப்பு எல்லாம் பக்கம் மாறிப் பிறக்கிறவர்கள் உண்டு என்று கொழும்பில் ஒரு பாடத்தில் ஒரே ஒரு வரி சொன்னார்கள். டொக்டர் இப்போது புரட்டிய படத்தைப் பார்த்து வலது பக்கம் துளைபோட்டுக் குழாய் இறக்குவார். அந்தப் பக்கம்தான் அவருக்கு மிச்சமிருக்கிற ஒரே நுரையீரல். இதயமும் அங்கேதான்.

எக்ஸ்ரே கதிருக்குத் தடுப்பாகப் போட்டிருந்த ஈய ஏப்ரனைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. அந்தப் பாரத்தோடு ஓடினேன். "எங்க போறீர்" என்று மிஸ் கூப்பிட்டது கேட்டது.

அவசரப் பிரிவுக்கு வெளியே சின்னராசாவின் மனைவி நின்றாள். பெயர் தனுஜா என்று சீட்டில் பார்த்திருந்தேன். புருஷனின் சட்டையைச் சுருட்டி நெஞ்சோடு பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் திரை அரைகுறையாக விலகிக் கிடந்தது. உள்ளே டொக்டர் சின்னராசாவின் வலது விலாவில் பழுப்பு மருந்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஒங்க வீட்டுக்காரரு எந்தக் கையில சாப்பிடுவாரு?"

அவள் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தாள். "சோத்துக்கையிலதாங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அது எந்தக் கைன்னு கேக்குறேன். தூக்கிக் காட்டுங்கக்கா."

தூக்கினாள். ஒரு கையால் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மற்றதைத் தூக்கினாள். நான் அவளுக்குப் பக்கத்தில் போய் ஒரே திசையைப் பார்த்து நின்று, நான் எழுதுகிற பீச்சாங்கையைத் தூக்கினேன். என் கை இந்தப் பக்கம், அவள் கை அந்தப் பக்கம். வலதுதான்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு டொக்டரிடம் என்ன சொல்ல? சோத்துக்கை என்றா? இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அவரு நெஞ்சுல தல வச்சுப் படுத்தா, எந்தப் பக்கம் அடிக்கும்?"

அவள் முகம் குப்பென்று சிவந்தது. சுற்றி ஆட்கள் இருந்தார்கள். குனிந்துகொண்டு, தன் வலது மார்புக்குக் கீழே விரலை வைத்தாள். "இங்கதாங்க. நான் எப்பவும் செவத்துப் பக்கமா, இந்தப் பக்கம்தான் படுப்பேன். அப்பத்தான் கேக்கும்."

"நல்லாத் தெரியுமா?"

"பதினாறு வருசமாக் கேக்குறேனுங்க. ஏன் மிஸ்ஸி, ஆம்பளைங்களுக்கு அங்கதான இருக்கும்? மத்தவங்க நெஞ்சு எனக்கு எப்படித் தெரியும்?"

நான் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். டொக்டர் இளம் வயது, சிங்களவர், வந்து மூன்று மாதம். கையில் கத்தி இருந்தது. நெற்றி வேர்த்திருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. இந்தச் சத்தத்தில் ஸ்டெத் வைத்து அவர் எதைக் கேட்டிருப்பார்? படத்தைத்தான் நம்பியிருப்பார்.

"டொக்டர், அந்தப் பக்கம் இல்லை" என்றேன் சிங்களத்தில்.

"நங்கி," தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார், "வெளியே போங்க. படத்தில் தெளிவாக இருக்கிறது."

எனக்கு அப்போது ஒன்று புரிந்தது. மிஸ் படத்தைப் புரட்டினார் என்று சொன்னால் இவர் நம்பமாட்டார். போன் எடுப்பார், மிஸ் பதில் சொல்வார், யார் சரி என்று பேசுவார்கள். சின்னராசாவின் கண் செருகிக்கொண்டிருந்தது. இந்த ஆஸ்பத்திரியில் யாருக்குச் சொன்னாலும் அடுத்த நொடியே நம்பக்கூடிய சேதி ஒன்றே ஒன்றுதான்.

"அந்தப் படத்தை எடுத்தது நான்" என்றேன். "பயிற்சிக்கு வந்தவள். எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். இது எனக்கு மூன்றாவது தடவை, வேண்டுமென்றால் புத்தகத்தைப் பாருங்கள். தயவுசெய்து வலது பக்கம் ஒரு தடவை ஸ்டெத் வைத்துக் கேளுங்கள்."

கத்தி நின்றது. அவர் சிங்களத்தில் என்னைத் திட்டினார், நன்றாகவே திட்டினார். திட்டிக்கொண்டே ஸ்டெத்தை வலது நெஞ்சில் வைத்தார். குழந்தையை வெளியே தூக்கிப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். கேட்டார். முகம் மாறியது. இடது பக்கம் வைத்துக் கேட்டார். அங்கே ஒன்றுமே இல்லை.

அடுத்த நிமிடம் இடது விலாவில் மருந்து தடவி, துளைபோட்டார். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சின்னராசா வாயைத் திறந்து நீளமாக ஒரு மூச்சை இழுத்தார். பிறகு தண்ணீர் கேட்டார்.

திரும்பினால் திரைக்குப் பக்கத்தில் ரோகினி மிஸ். எவ்வளவு நேரமாக நின்றாரோ. முகத்தில் இரத்தமில்லை.

இருவரும் எக்ஸ்ரே அறைக்குத் திரும்பினோம். மிஸ் உள்ளே போய் முதல் படத்தை, புரட்டாத படத்தை, திரையில் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் செய்த பிழையை ஏன் உம்மில போட்டனீர்?"

"நீங்க செஞ்சீங்கன்னா அவரு யோசிப்பாரு மிஸ். நான் செஞ்சேன்னா ஒடனே நம்புவாரு."

இதைக் கோபமாகத்தான் சொன்னேன். அவருக்கு அது சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். என் பயிற்சிப் புத்தகத்தை எடுத்தார். சிவப்புப் பேனாவையும் எடுத்தார். டொக்டர் முறைப்பாடு எழுதுவார், அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும், எனக்கும் தெரியும். வருடம் போகட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

பேனா நெடுநேரம் எழுதியது. புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். பிழை என்ற இடத்தில், எழுத்து சரியாக இருந்த படத்தைப் புரட்டியது பொறுப்பாளர் என்று எழுதி, தன் முழுப்பெயரையும் போட்டிருந்தார். என் பெயருக்கு நேரே கையெழுத்து.

"டொக்டரிட்ட நான் போய்ச் சொல்லுறன்" என்றார். போகும்போது என் தோளில் கையை வைத்தார், உடனே எடுத்துவிட்டார்.

பின்னேரம் வார்டுக்குப் போனேன். சின்னராசா குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தார். உதடு பழைய நிறத்துக்கு வந்திருந்தது. தனுஜா கட்டிலோரம் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, குனிந்து அவருடைய வலது நெஞ்சில் காதை வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் விறுக்கென்று நிமிர்ந்தாள்.

"என்னக்கா, மறுபடியும் வலிக்குதாமா?"

"இல்லிங்க மிஸ்ஸி." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எல்லாரும் பக்கம் மாறிப்போச்சு, பக்கம் மாறிப்போச்சுன்னு பேசிக்கிட்டாங்களா. சரி பண்றோம்னு இந்தப் பக்கம் தூக்கி வச்சிருப்பாங்களோன்னு பயந்துட்டேன். இல்ல, எனக்குக் கேக்குற பக்கம்தான் இருக்கு."