தெருவைப் பார்த்த நாய்கள்

பீங்கான் நாய் சுவரில் மோதிச் சிதறியதில் ஒரு சில்லு பறந்துவந்து ஈஷ்பலின் கன்னத்தைக் கீறியது. கூடத்தின் நடுவே சவப்பெட்டிக்குள் அம்மா நெட்டா கிடந்தாள். மூன்று மணிக்குப் பாதிரியார் வந்ததும் எடுத்துவிடுவார்கள். அதற்குள் அப்பா ராப் மதுக்கடைக்குப் போய்த் திரும்பியிருந்தார்.

"எவடீ நாயத் திருப்புனது? நான் உசுரோட இருக்கேன்டீ! வீட்லதான் இருக்கேன்!"

"அம்மா சொன்னா. திருப்புனேன்."

போர்ட்கெய்ர்னில் மீன்பிடிக் கப்பல்காரன் வீடு என்றால் ஜன்னல் மேடையில் ஒரு ஜோடி பீங்கான் நாய் இருக்கும். புருஷன் கடலுக்குப் போனால் நாய்கள் தெருவைப் பார்க்கும். கரையேறிவிட்டால் வீட்டைப் பார்க்கும். ராப் கடலில் இருந்த நாட்களில் தெருப் பெண்கள் இங்கே கதவைத் தட்டாமலே உள்ளே வருவார்கள். டீ ஓடும், சிரிப்பு கூரையைப் பிய்க்கும். நாய் திரும்பிவிட்டால் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்காது. அவர் கடலை விட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. பன்னிரண்டு வருஷமும் நாய்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

மனுஷர் வராத வீட்டில் நெட்டா நாய்களைச் சேர்த்தாள். ஏலத்தில், சந்தையில், செத்தவர் வீட்டுச் சாமான்களில் தேடித் தேடி வாங்கினாள். எல்லாம் நூறு வருஷத்துப் பழசு. பழுப்புக் காது, கறுப்புப் புள்ளி, கழுத்தில் பொன்வண்ணச் சங்கிலி. ஜோடியாகத்தான் வாங்குவாள். அந்தப் பாவி மனுஷனுக்குக் கோபம் வந்தால் முதலில் அவளை அடிப்பார், பிறகு ஒரு நாயை உடைப்பார். ஒன்றை மட்டும்தான். மிஞ்சி நிற்பதைப் பார்த்துப் பார்த்து அவள் அழ வேண்டும். அவள் அதை அலமாரியில் வைத்துப் பூட்டுவாள். ஜன்னல் ஜோடி மட்டும் இன்று வரை தப்பியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது நெட்டா மகளின் கையைப் பிடித்தாள். "என்னத் தூக்குறப்போ அதுங்க தெருவப் பாக்கணும் ஈஷ்பல். அந்தாளு இல்லாத வீட்லேர்ந்து போறேன்." அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

ராப் மிச்சமிருந்த நாயை வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தார். ஈஷ்பல் அதைத் தெருப் பக்கம் திருப்பினாள். கன்னத்தில் அறை விழுந்து உதடு கிழிந்தது. அவர் மாற்றி வைக்க, அவள் மறுபடியும் திருப்பினாள். முடியைப் பிடித்து அவள் தலையை ஜன்னல் சட்டத்தில் மோதினார். எழுபது வயசானாலும் வலை இழுத்த கை.

"பொணம் கிடக்குற வீடுப்பா!"

"என் வீடு! அவ என் வீட்லேர்ந்துதான் போவா!"

இரண்டாவது நாயும் கணப்புக் கல்லில் சுக்குநூறானது. "இப்ப திருப்புடீ பாக்கலாம்," என்று சிரித்தார்.

ஈஷ்பல் வாயைத் துடைத்துக்கொண்டாள். ஆணியில் தொங்கிய அம்மாவின் மேலங்கிப் பையிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தாள். உள்ளே பத்தொன்பது ஒற்றை நாய்கள். ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் ஜன்னலில் தெருவைப் பார்க்க வைத்தாள். அவர் அடுப்பு கிளறும் கம்பியை எடுத்து இரண்டை நொறுக்கினார். மூன்றாவது வீச்சு அவள் தலையைக் குறிவைத்து வந்தது. கம்பியைப் பிடித்து முறுக்கிப் பிடுங்கி, கண்ணை மூடிக்கொண்டு ஓங்கிப் போட்டாள். எலும்பு முறியும் சத்தம் கேட்டது.

"கைய ஒடிச்சிட்டியேடீ, கட்டையில போறவளே!"

"இன்னொரு கை இருக்குல்ல? அதுவும் வேணுமா?"

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் நாற்காலியில் சரிந்தார். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பெற்ற அப்பனை அடித்துவிட்டுச் சந்தோஷமா என்று வெட்கமாகவும் இருந்தது. மிச்ச நாய்களை வைத்து முடித்தாள். பதினேழும் ஒன்றுக்கொன்று ஜோடி சேராமல் தெருவைப் பார்த்தன.

கதவு தட்டாமல் திறந்தது. எதிர்வீட்டு இசா உள்ளே வந்தாள், பின்னால் நான்கு பெண்கள். காலடியில் பீங்கான் நொறுங்கியது. இசா பெட்டிக்குள் பார்த்து நெட்டாவின் நெற்றியைத் தடவினாள். ஈஷ்பலின் உதட்டைப் பார்த்தாள். கீழே கிடந்த கம்பியைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பார்த்தாள், அது காலியாக இருப்பதுபோல.

"என்னடி, ராப் கடலுக்குப் போயிருக்கானா?"

ஈஷ்பல் நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. "ஆமா அத்தை."

"எப்ப வரானாம்?"

"தெரியல."

"சனியன், மெதுவா வரட்டும். தண்ணியக் கொதிக்க வை. நெட்டாவுக்கு நேரமாகுது பாரு."

"ஏய் இசா, கண்ணு அவிஞ்சு போச்சா? இங்கதான்டீ இருக்கேன்!"

"காத்து என்னமா ஊளையிடுது! கதவச் சாத்துங்கடி," என்றாள் ஒருத்தி. இன்னொருத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

ஈஷ்பல் ஆறு கோப்பைகளை எடுத்து வைத்து டீ ஊற்றினாள். ராப் முறியாத கையை நீட்டினார். அந்தக் கைக்கு மேலாக இசா பக்கத்தில் இருந்தவளிடம் சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்தினாள்.