காலியாக இருக்கலாம்

‘நம்பர் காலியாக இருக்கலாம்’ என்று சிவப்பில் காட்டி, புரோகிராமை ஓட்டவே மாட்டேன் என்றது திரை. காலையிலிருந்து இதே பதில்தான்.

ஆபரேஷன் முடிந்ததும் நோயாளியின் வீட்டாருக்குத் தானாகப் போன் போடும் புரோகிராம். முன்பு பழைய கம்ப்யூட்டர் மொழியில் இதை எழுதியவளும் நான்தான். அது எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், ஓடும்போதுதான் தடுக்கி விழும். புது மொழி பார்ப்பதற்கு அதன் கூடப்பிறந்தது மாதிரியே இருந்தது. அதை நம்பி, ஒரே வாரத்தில் இதற்கு மாற்றிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். குணம் வேறாக இருந்தது. இது எண்ணா, எழுத்தா, ஒன்றும் இல்லாமலும் போகுமா என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் அசையாது. உட்கார முடியவில்லை. தண்ணீர் பிடிக்கப் போய், பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினேன்.

பக்கத்து மேஜைக்காரனை வக்கீல் என்போம். எதற்கும் ஒரு வாதம் வைத்திருப்பான்.

“அக்கா, அந்த வரி கடைசில ஒரு ஆச்சரியக்குறி போடுங்க. நம்பர் கண்டிப்பா இருக்கும், நான் பொறுப்புன்னு அர்த்தம். வாயை மூடிக்கும்.”

“இல்லாம போனா?”

“அன்னைக்குப் பாத்துக்கலாம். நாலு மணிக்கு மேனேஜர் முன்னாடி ஓடலைன்னா, வேலையை வேற டீமுக்குத் தள்ளிட்டு உங்களை சப்போர்ட்ல உக்கார வச்சிருவாங்க.”

போட்டேன். ஓடியது. வக்கீல் கட்டைவிரலைக் காட்டினான்.

என் கண் மட்டும் அந்தக் குறியிலேயே நின்றது. யாருக்கு நம்பர் இருக்காது? தம்பி ஞாபகம் வந்தது. தனிக்கட்டை. அப்பா போனபிறகு எங்களுக்குள் பேச்சில்லை. போன மாதம் அவனுக்கு ஆபரேஷன் என்று சித்திதான் சொன்னாள், எல்லாம் முடிந்தபிறகு. வராந்தாவுக்குப் போய்க் கூப்பிட்டேன்.

“என்ன, கை தவறி பட்டுருச்சா?” என்றான்.

“இல்லடா. ஆஸ்பத்திரில வீட்டாளுன்னு யார் நம்பர் குடுத்த?”

“எதுக்கு?”

“வேலைக்குத்தான்.”



“காலியா விடக்கூடாதுன்னாங்க. என் நம்பரையே குடுத்தேன்.”

“அவங்க கூப்பிட்டிருந்தா?”

“பையில அடிச்சிருக்கும். நான்தான் மயக்கத்துல கெடந்தேனே.”

போனைக் காதில் வைத்தபடியே மேஜைக்கு வந்து ஆச்சரியக்குறியை அழித்தேன். வரி மறுபடி சிவந்தது. வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் அரைமணிதான் இருந்தது.

‘நம்பர் இல்லாவிட்டால்’ என்று ஒரு வரி. அதன்கீழே, ‘அது நோயாளியின் சொந்த நம்பரானால்’ என்று இன்னொன்று. அப்போது யாரைக் கூப்பிடுவது?

“லைன்ல இருக்கியா?” என்றான் தம்பி.

“இருக்கேன். என் நம்பர் மாறல. பழசுதான்.”

அவன் போனை வைக்கவில்லை. அடுத்த வரியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.