கனத்த மெத்தனால்

காலையில் லேப் அலமாரியைத் திறந்தபோது, நேற்று பாதியாக இருந்த சின்ன பாட்டில் கழுத்துவரை நிரம்பியிருந்தது. ஞானகுமாரி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"வேம்புலி அண்ணே, இதுல என்ன ஊத்துனீங்க?"

லேப் அட்டெண்டர் துடைத்துக்கொண்டிருந்த பீக்கரைக் கீழே வைத்தார். "ஸ்டாக் செக்கிங் வருதில்லம்மா. ரெண்டுத்திலயும் மெத்தனால்னுதான போட்டுக்கீது? சின்னத பெருசுல ஊத்துனேன். ஹெச்சோடி வந்து பெருசுதான் காலியாவணும்னாரு. திரும்ப இதுல ஊத்துனேன். மிச்சம் சிங்க்ல பூடுச்சு."

அரைகுறை பாட்டில்களைச் சேர்த்து ஊற்றுவது அந்த ஆவடி கல்லூரியில் வருஷா வருஷம் நடப்பதுதான். போன வருஷம் அசிட்டோனை அவளே அப்படிச் சேர்க்கச் சொன்னாள். ஆனால் இது வெளிநாட்டிலிருந்து வந்து, மழைக்காலம் முழுக்க கஸ்டம்ஸில் கிடந்த பாட்டில். இது போனால் அவள் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் போயிற்று. இனி அவகாசம் இல்லையென்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது.

"இது கனத்த மெத்தனால்ணே!"

"பாத்தா ஒரே மாரி கீது, மோந்தா ஒரே மாரி கீது. இன்னா வேற?"

கத்தத்தான் வாயைத் திறந்தாள். விளக்கம்தான் வந்தது. பாழாய்ப்போன, பாடம் நடத்தும் பழக்கம்.

அவள் ஆராயும் சிலிக்கான் அணுவுக்கு நாலு கை. நாலிலும் வேறு வேறு ஆள், அதாவது அணுக்கூட்டம், தொங்கினால், இடக்கை வலக்கைபோல இரண்டு வடிவம் உண்டு. ஒன்று வெளிச்சத்தை ஒரு பக்கம் திருப்பும், மற்றது எதிர்ப்பக்கம். அதை மெத்தனாலில் போட்டால் அங்கிருந்து புது ஆள் வந்து பழைய ஆளை வெளியே தள்ளுவான். பின்னாலிருந்து தள்ளினால் மற்ற மூன்று கையும் காற்றில் மடங்கிய குடைபோலப் புரளும். முன்பக்கமாக வந்தால் புரளாது. வந்தவனும் போனவனும் ஒரே முகமென்றால் எத்தனை பேர் மாறினார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதற்குத்தான் வருகிறவனிடம் கனத்த ஹைட்ரஜன். ஒவ்வொரு மாற்றத்திலும் குடை புரண்டால், புரண்ட ஒன்று புரளாத ஒன்றின் திருப்பத்தையும் ஈடுகட்டிவிடுவதால், ஆட்கள் மாறுவதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் வெளிச்சத்தின் திருப்பம் அழியும்.

"அப்போ அடையாளம் போட்ட ஆளுங்க நடுவுல சாதா ஆளுங்கள உட்டுட்டேன்."

"ஆமா! எவ்வளவு உட்டீங்க?"

"கொஞ்சூண்டு." விரலிடுக்கில் காட்டினார். யோசித்து, இடுக்கை அகலமாக்கினார். இன்னும் யோசித்தார்.

"போதும்ணே, கைய இறக்குங்க!"

பாதிக்குமேல் கனத்தது மிஞ்சியிருந்தால் கணக்கைத் திருத்திக்கொண்டு சமாளிக்கலாம். மிஞ்சியிருக்கிறதா? கண்ணும் மூக்கும் சொல்லாது, எடை சொல்லும். சாதா எட்டு கிராம் நிற்கும் இடத்தில் கனத்தது ஒன்பது நிற்கும். சம எடையுள்ள இரண்டு குப்பிகளில் பத்து மில்லி வீதம் எடுத்தாள்: தராசின் இடத்தட்டில் புது பாட்டிலின் சாதாவும் அரை கிராம் எடைக்கல்லும், வலத்தட்டில் இந்தக் கலப்பு. வலத்தட்டு இறங்கினால் பாதிக்குமேல் மிஞ்சியிருக்கிறது.

"ஃபேன நிறுத்துங்க."

வேம்புலி ஸ்விட்சைத் தட்டி, கையை அங்கேயே வைத்துக்கொண்டார். அவள் கண்ணாடிக் கதவை மூடி, தராசின் திருகைச் சுழற்றித் தட்டுகளை விடுவித்தாள். முள் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது, மறுபடி இடப்பக்கம். தலைக்குமேலே இறக்கைகள் இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன.